வாயைக் கட்டியது யார்?



"கவுன்சிலிங் எண்டு கூட்டிட்டுப் போனம். மூணு தரம் போயும் வாயே திறக்கல்ல. இதெல்லாம் சும்மா காலத்தப் போக்குற வேலை."

இந்தப் பேச்சு இப்போது நம் ஊர்களில் அடிக்கடி கேட்கிறது. கலியாண வீட்டில் கேட்கிறது, மையித்து வீட்டில் கேட்கிறது, பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறது. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரு நாள் உழைப்பை விட்டு, ஆட்டோவுக்குக் காசு கொடுத்து, பிள்ளையை அழைத்துப் போனவர்கள். போன இடத்தில் பிள்ளை முக்கால் மணி நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழும்பி வந்தால் ஏமாற்றம் வரத்தான் செய்யும்.

ஆனால் அவர்கள் எடுக்கும் முடிவு பிழை. கால் முறிந்தவர் முதல் நாளே எழுந்து நடக்கவில்லை என்று யாரும் வைத்தியரைக் குறை சொல்வதில்லை. பேச முடியாமல் இருப்பதே பல பேருக்கு நோயின் ஒரு பகுதி. மூன்று தரம் போயும் வாய் திறக்கவில்லையா? நான்காவது தரமும் கூட்டிப் போங்கள். அதோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கேளுங்கள்: அந்த வாயைக் கட்டியது யார்? அந்த அறைக்குள் நுழைவதற்கு எத்தனை வருடத்துக்கு முன்னர் அது கட்டப்பட்டது?

வீட்டில் தொடங்குவோம். விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வரும் மகனிடம் "ஆம்புளப் புள்ள அழுவாண்டா?" என்கிறோம். கோபத்தைக் காட்டும் மகளிடம் "குமர்ப் புள்ளக்கி இவ்வளவு சத்தமா?" என்கிறோம். கலியாணம் முடித்துப் போகிறவளின் காதில் "அங்க என்ன நடந்தாலும் வீட்டுக் கதய வெளிய எடுத்திராத மகள்" என்று சொல்லி அனுப்புகிறோம். உம்மாவை இழந்தவன் மையித்துப் பக்கத்தில் விம்மினால் நாலு பேர் சேர்ந்து "சபூர் செய்" என்று அடக்குகிறோம். இருபது முப்பது வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவரின் முன்னால் கதிரையில் இருத்தி "இப்பச் சொல்லு" என்றால் அவர் என்ன செய்வார்? எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை. சொல்லக்கூடாது என்பதைத்தான் பழக்கியிருக்கிறோம்.

அடுத்தது, சொல்வதற்கான சொல். "நீங்க எப்படி உணர்றீங்க?" என்று உளவளத்துணையாளர் கேட்கிறார். இந்தக் கேள்வியை நம் ஊரில் யாரும் யாரிடமும் இந்தச் சொல்லில் கேட்டதில்லை. அதனால் "ஒண்டுமில்ல" என்ற பதில்தான் வருகிறது. அதே ஆளிடம் "உடம்புக்கு என்ன செய்யுது?" என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சு அடைக்குது, தலையிடி, மேல் பதறுது, ஈரக்குலை நடுங்குது, சோறு இறங்குதில்ல என்று வரிசையாக வரும். பெனடோலும் கேஸ்ட்ரைட்டிஸ் மருந்தும் குடித்து, ஈசிஜி எடுத்து, எல்லாம் சரி என்று வந்த பிறகும் அந்த நெஞ்சு அடைத்துக்கொண்டுதான் இருக்கும். நம் தமிழில் துயரம் பெரும்பாலும் உடம்பின் பெயரில்தான் வாழ்கிறது. அது அறியாமை அல்ல, நம் மொழியின் வழக்கம். ஆகவே கதிரையில் இருப்பவர் "நெஞ்சு பாரமா இருக்கு" என்று மட்டும் சொன்னாலும் அவர் பேசத் தொடங்கிவிட்டார் என்றுதான் பொருள்.

உணர்வுக்குச் சொல் கிடைக்காமல் தவிக்கும் இந்த நிலைமைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்சிதைமியா என்று ஒரு பெயரே வைத்தார். கிரேக்கச் சொற்களிலிருந்து அவர் ஆக்கிய பெயர் அது. உணர்வுக்குச் சொல் இல்லாமை என்பது அதன் கருத்து. உலகம் முழுக்க இருக்கும் சிக்கல் இது. நம் பிள்ளைக்கு மட்டும் வந்த பிடிவாதம் அல்ல.

இனி மார்க்கத்தின் பெயரால் போடப்படும் பூட்டுக்கு வருவோம். "ஈமான் உள்ளவனுக்கு என்ன மனநோய்? தொழு, ஓது, சபூர் செய்." சொல்லும் போது நன்றாகத்தான் இருக்கிறது. தொழுகையும் ஓதலும் மனதுக்கு அமைதி தரும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சபூர் என்றால் வாயை மூடுவது என்று எந்த கிதாபில் இருக்கிறது?

யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைத்துத் துயரப்பட்டு கண்கள் வெளுத்துப் போனதை சூரா யூஸுஃப் சொல்கிறது. அழகிய பொறுமை என்று சொன்னவரும் அதே நபிதான். தம் துக்கத்தை அல்லாஹ்விடம் வாய்விட்டு முறையிட்டவரும் அவர்தான். பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்னரே இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று சொன்னதை அல்குர்ஆன் மறைக்கவில்லை. அவரைக் கண்டிக்கவும் இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதலும், குடிக்கத் தண்ணீரும், உண்ணப் பேரீச்சம்பழமும்தான் அவருக்குப் பதிலாக வந்தன. இன்று நம் வீட்டில் ஒரு பெண் "மௌத்தாப் போனா நல்லம் போல இருக்கு" என்று சொல்லிப் பார்க்கட்டும். தண்ணீர் கொடுப்போமா, "அஸ்தஃபிருல்லாஹ், அப்படிச் சொல்லாத, ஹராம்" என்று வாயை அடைப்போமா?

மூஸா (அலை) அவர்களின் துஆவை நம் பாடசாலைகளில் ஓதாத பிள்ளை இல்லை. நெஞ்சை விரிவாக்கித் தா, நாவின் முடிச்சை அவிழ்த்து விடு என்று கேட்கும் துஆ. பேச்சுப் போட்டிக்கு ஏறும் முன்னர் ஓத வைக்கிறோம், பரீட்சை மண்டபத்தில் ஓத வைக்கிறோம். ஆனால் அந்த நபி தம் நெஞ்சு நெருக்குகிறது, நா ஓடவில்லை, ஹாரூனையும் துணைக்கு அனுப்பு என்று றப்பிடம் கேட்டதையும் குர்ஆன் சொல்கிறது. பேச வரவில்லை என்று சொல்வதும் துணை கேட்பதும் ஒரு நபிக்கே குறையாக இருக்கவில்லை. நம் பிள்ளைக்கு மட்டும் எப்படிக் குறையாகும்?

"புருஷனப் பத்திச் சொன்னா கீபத்தாகிப் போகும்" என்ற பயம் பல பெண்களின் வாயைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. சொல்லத் தொடங்கி, "வேணாம், பாவம்" என்று விழுங்கிவிடுகிறார்கள். இதை உலமாக்கள் மிம்பரில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இமாம் நவவி (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறரின் குறையைச் சொல்ல அனுமதி உள்ள ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துச் சொல்கிறார். அநியாயம் செய்யப்பட்டவர் முறையிடுவதும், தவறைத் திருத்த உதவி தேடுவதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும் அவற்றுள் அடங்கும். அபூ ஸுஃப்யான் செலவுக்குப் போதுமானதைத் தருவதில்லை என்று ஹிந்த் (ரழி) வந்து சொன்னபோது, புறம் பேசாதே என்று நபி (ஸல்) அவர்கள் வாயை அடைக்கவில்லை. வழிதான் சொல்லிக் கொடுத்தார்கள். கணவனைப் பற்றி முறையிட வந்த ஹவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்களின் விடயத்தில் ஒரு சூராவே இறங்கியது. அல்முஜாதலா என்று அதற்குப் பெயர். அதே வீட்டின் ஓரத்தில் இருந்த ஆயிஷா (ரழி) அவர்களுக்கே அந்தப் பெண் பேசியதில் சில சொற்கள் கேட்கவில்லை என்று அறிவிப்பு இருக்கிறது. அவ்வளவு தாழ்ந்த குரலில், அவ்வளவு அந்தரங்கமாக அவர் பேச முடிந்தது. அல்லாஹ் அதைக் கேட்டான்.

"இது வெள்ளைக்காரன்ட சரக்கு" என்று தள்ளுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 322 இல், அதாவது கி.பி. 934 இல் இறந்த அபூ ஸைத் அல்பல்கி உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதியவர். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் வரும் கவலை வேறு என்று அப்போதே பிரித்தவர். நம் முன்னோர் எழுதி வைத்ததைத்தான் நாம் இன்று அந்நியம் என்று விரட்டுகிறோம்.

மூன்றாவது பூட்டு பயம். இது நாம் போட்டதல்ல, நமக்குப் போடப்பட்டது. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் நம் கரையோர ஊர்களைக் கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் படிவம் வந்தது. எத்தனை பேர், எத்தனை வீடு, எவ்வளவு நட்டம் என்று எழுதினோம். இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்கும் படிவம் நம்மில் எத்தனை பேர் கைக்கு வந்தது?

2019 ஏப்ரலுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. கோப்பும் பேனையுமாக எதிரில் அமர்ந்து கேள்வி கேட்பவர் என்றால் விசாரணைக்கு வந்தவர் என்று நம் மனம் பதியப் பழகிவிட்டது. ஒரு சொல் பிழைத்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் வீடுகளில் கிதாபுகளைக் கூட ஒளித்து வைத்த காலம் அது. அடுத்த வருடம் கொரோனாவில் மௌத்தான நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். அடக்க அனுமதி வர 2021 பெப்ரவரி ஆனது. குளிப்பாட்டி, கபனிட்டு, மண் போட்டு அனுப்ப முடியாமல் போன அந்தத் துக்கத்தை நாம் கூட்டமாகக் கதைத்தோம், எழுதினோம், வெள்ளைத் துணி கட்டினோம். தனித்தனியாக அந்த வாப்பாவை, அந்த உம்மாவை இழந்த பிள்ளை யாரிடம் சொல்லியிருக்கும்? இப்படிப்பட்ட ஒருவர் கிளினிக் அறையில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் நா உலரத்தான் செய்யும்.

இன்னொரு பழைய பயமும் இருக்கிறது. உயிரை மாய்க்க நினைத்தேன் என்று சொன்னால் பொலிஸ் வழக்கு வரும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு இந்நாட்டில் 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்த எண்ணம் வந்தால் வைத்தியரிடமும் உளவளத்துணையாளரிடமும் தயங்காமல் சொல்ல வேண்டும். சொல்வது குற்றமல்ல.

நான்காவது பூட்டு ஊர் வாய். இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. வைத்தியசாலையில் எந்த வரிசையில் யார் நின்றார் என்பது மஃரிபுக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. "அங்கொடைக்கு அனுப்புற கேஸ்" என்று சிரிக்கிறோம். பெண் கேட்டு வருபவர்களிடம் "அந்தப் புள்ள கிளினிக் போறதாம்" என்று யாரோ ஒருவர் காதில் போட்டு விடுகிறார். அதோடு அந்தப் பேச்சு முறிந்து போகிறது. சிறிய ஊரில் உளவளத்துணையாளரும் யாரோ ஒருவரின் மச்சிதான், தாதியும் யாரோ ஒருவரின் ராத்தாதான். தான் இங்கே சொல்வது நாளைக்குத் தன் மாமி வீட்டுக் குசினியில் பேசப்படும் என்று நினைக்கும் ஒரு பெண் எப்படி வாய் திறப்பாள்? மூன்று தரம் மௌனமாக இருந்து அவள் சோதித்தது இந்த அறையை நம்பலாமா என்பதைத்தான்.

பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனைக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். ஆனால் பல இடங்களில் அவருக்கென்று கதவுள்ள ஓர் அறை இருக்காது. வாசிகசாலை மூலையில், ஆசிரியர் அறையின் ஓரத்தில், நாலு பேர் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் "சொல்லும்மா, என்ன பிரச்சின?" என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? காலையில் தலைமுடிக்கும் சப்பாத்துக்கும் பிரம்போடு நின்றவரே பத்து மணிக்கு மனம் விட்டுப் பேசு என்றால் எந்தப் பிள்ளை பேசும்? ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவரும் உளவளத்துணைக்குப் பொறுப்பானவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆசிரியர்களாகிய நாம் இதை அதிபர்களிடமும் வலயக் கல்விப் பணிமனைகளிடமும் உரத்துக் கேட்க வேண்டும்.

உளவளத்துணையாளர்களுக்கும் ஒரு சொல். உங்கள் தொழிலின் பெயரிலேயே துணை இருக்கிறது. ஆனால் ஊர் உங்களை ஆலோசனை சொல்பவர் என்றே நினைக்கிறது. உங்களில் சிலரும் அப்படியே நடக்கிறீர்கள். வந்தவர் இரண்டு வசனம் சொல்லும் முன்னர் நீங்கள் இருபது நிமிடம் பயான் செய்தால், அவர் வீட்டில் கேட்டதைத்தான் மறுபடியும் கேட்கிறார். அவருடைய மௌனத்தைக் கண்டு அவசரப்படாதீர்கள். கணவனையோ மாமியையோ அறைக்குள் வைத்துக்கொண்டு மனைவியிடம் கேள்வி கேட்காதீர்கள். தாய்க்குச் சிங்களம் வராது என்று பத்து வயது மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் மகனின் வாயால் எந்த உம்மா தன் வேதனையைச் சொல்லுவாள்? ஆணும் பெண்ணும் தனித்திருப்பது பற்றிய மார்க்க வரம்பைக் காரணம் காட்டி வாய்ப்பையே மறுப்பவர்களுக்கும் வழி இருக்கிறது: பெண்ணுக்குப் பெண் உளவளத்துணையாளரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், துணைக்கு வந்தவர் வெளியிலிருந்து பார்க்கும்படியும் பேச்சு மட்டும் கேட்காதபடியும் அறையை ஒழுங்கு செய்யுங்கள். கண்ணாடி வைத்த ஒரு கதவு போதும்.

இப்போது அந்தக் கதிரையில் இருப்பவர்களுக்கு. நீங்கள் பேச முடியாமல் திரும்பி வந்தால் தோற்றுப் போய்விட்டீர்கள் என்று நினைக்காதீர்கள். "எனக்குச் சொல்ல வருதில்ல" என்பதையே சொல்லுங்கள். அதுவும் ஒரு பேச்சுத்தான். "இதப் பத்தி இண்டைக்கு வேணாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. "நான் சொல்றத யாருக்குச் சொல்லுவீங்க, யாருக்குச் சொல்ல மாட்டீங்க?" என்று முதல் நாளே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து, சிறுவருக்குத் துன்புறுத்தல் போன்றவற்றைத் தவிர மற்றவை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை அவர் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவர். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள். 1986 இல் வெளிவந்த ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில், மனதை வருத்திய சம்பவங்களைப் பற்றி நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நாலு நாள் எழுதிய மாணவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். யாரும் புள்ளி போடப் போவதில்லை.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று. கடலுக்குப் போய் வருபவர், கட்டாரில் பத்து வருடம் தனியாகக் கிடந்து வந்தவர், கடை நட்டப்பட்டுக் கடனில் நிற்பவர் எல்லோரும் "எனக்கென்ன, நான் நல்லாருக்கன்" என்றுதான் சொல்கிறார்கள். பிறகு அது கோபமாக வீட்டில் வெடிக்கிறது, அல்லது வேறு போதையில் போய் விழுகிறது. தம் மகன் இப்ராஹீமை மடியில் வைத்து நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டபோது, தாங்களுமா அழுகிறீர்கள் என்று ஒரு ஸஹாபி வியந்து கேட்டார். அது இரக்கம் என்று பதில் வந்தது. அந்தக் கண்ணீரை விட ஆண்மை நம்மில் யாருக்கு இருக்கிறது?

ஆகவே நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவையாவது இதற்கு ஒதுக்கட்டும். சபூர், கீபத் இரண்டின் சரியான பொருளையும் உலமாக்கள் அந்த மிம்பரில் சொல்லட்டும். ஓதிப் பார்க்க வருபவர்களிடம் "டொக்டரிடமும் காட்டினீங்களா?" என்று ஹஸ்ரத்மார் கேட்கட்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் கதவுள்ள ஓர் அறையும், பிரம்பு பிடிக்காத ஓர் ஆசிரியரும் இருக்கட்டும். கிளினிக் போய் வருபவரிடம் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னீங்க?" என்று வீட்டார் துருவாமல் இருக்கட்டும். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதும். பெண் கேட்டு வந்தவர்களிடம் நோயைச் சொல்லி அனுப்பும் அந்த வாயை ஊர் முதலில் மூடட்டும். அது மூடினால் இந்த வாய்கள் தாமாகத் திறக்கும்.

யாருக்காவது இப்போதே தாங்க முடியவில்லை என்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். அழைத்துவிட்டுச் சற்று நேரம் பேச வராமல் இருந்தாலும் பரவாயில்லை. வைக்காமல் இருங்கள்.

இதன் கீழே யாரும் ஊரையோ ஆளையோ சுட்டிக் கருத்து எழுத வேண்டாம். "இது இன்னார்ட கதையா?" என்று ஊகிக்கவும் வேண்டாம். இது எல்லோர் வீட்டுக் கதையும்தான்.

அல்லாஹ் நம் நெஞ்சங்களை விரிவாக்கி, நம் நாவுகளின் முடிச்சை அவிழ்த்து, கேட்கும் காதுகளையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.